பெயரும் மதிப்புகளும் வரியாக வரும்போது: ஜாவாஸ்கிரிப்டில் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கக் கற்றுக்கொண்ட கதை

2019ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் என் அக்கா ஒரு சிறு கருவி கேட்டார். வடிவியல் பயிற்சித் தாள்களுக்கான படங்களை அவர் அதுவரை கையால் வரைந்து, கைப்பேசியில் படம் எடுத்துத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியில் சில வரிகளைத் தமிழில் தட்டினால் பக்கத்திலேயே படம் வர வேண்டும். மாணவர்களும் அதே வரிகளைப் பள்ளிக் கணினியில் தட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் தேவை. வரிகள் இப்படி இருக்கும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்:

நாள் 2019 6 17
வட்டம் 100 100 40
கோடு 20 20 180 20
பல்கோணம் 20 20 120 20 70 100

வரியின் முதற்சொல் வடிவத்தின் பெயர். மற்றவை அதற்கான எண்கள். வட்டத்துக்கு மையமும் ஆரமும், கோட்டுக்கு இரு முனைகள், பல்கோணத்துக்கு எத்தனை மூலையோ அத்தனை இணை எண்கள். முதல் வரி தாளின் தலைப்பில் அச்சாகும் தேதி.

இதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். அம்மொழியில் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் (பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல் துண்டுகளுக்கும்) தமிழ்ப் பெயர் வைக்கலாம். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயருக்குள் வருவதை மொழியின் விதிகளே அனுமதிக்கின்றன. எனவே வட்டம், கோடு, பல்கோணம் என்ற பெயர்களிலேயே கன்ஸ்ட்ரக்டர் ஃபங்ஷன்களை, அதாவது நியூ என்ற சொல்லோடு அழைத்தால் ஒரு புதிய ஆப்ஜெக்டை (பண்புகளும் செயல்களும் கொண்ட நிரல் பொருளை) உருவாக்கும் ஃபங்ஷன்களை, எழுதினேன். இந்தப் பதிவில் மொழிக்குரிய சொற்களான நியூ, அப்ளை, பைண்ட் முதலியவற்றை ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். நிரலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

நிரலின் முதல் வடிவம் ஒரு நீண்ட நிபந்தனைச் சங்கிலி. பெயர் வட்டம் என்றால் முதல் மூன்று எண்களை எடுத்து நியூ வட்டம் என்று அழை, கோடு என்றால் நான்கை எடுத்து நியூ கோடு என்று அழை, இப்படியே போகும். நான்கு வடிவங்கள் வரை இதில் குறையொன்றும் இல்லை. பல்கோணம் வந்ததும் சங்கிலி அறுந்தது, ஏனென்றால் முக்கோணத்துக்கு ஆறு எண்கள், ஐங்கோணத்துக்குப் பத்து, அக்கா பாடத்தில் கேட்ட நட்சத்திரத்துக்கு இருபது. நிரல் எழுதும் நேரத்தில் எத்தனை ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குள் அனுப்பும் மதிப்பு) வரும் என்று எனக்குத் தெரியாது. இயங்கும் நேரத்தில் ஓர் அரேயாகத்தான் (மதிப்புகளின் வரிசைப் பட்டியலாகத்தான்) அவை கையில் இருக்கும். சாதாரண ஃபங்ஷனாக இருந்தால் அப்ளை இருக்கிறது. 1999 டிசம்பரில் வெளியான எக்மாஸ்கிரிப்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 3ஆம் பதிப்பிலிருந்தே, ஓர் அரேயை அப்படியே ஆர்க்யுமென்ட் வரிசையாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அது செய்கிறது. நியூ என்ற சொல்லுக்கு அப்படியொரு துணை அன்று இல்லை. இருபது ஆண்டுகள் கழிந்திருந்தும் எனக்கு அது சிக்கலானதற்குக் காரணம் பள்ளிக் கணினிகள். அங்கிருந்த உலாவி 2015க்கு முந்தைய மொழியை மட்டுமே அறிந்தது. அதை மாற்ற அக்காவுக்கு அனுமதி இல்லை.

அவசரத்தில் செய்த முதல் தந்திரத்தை இங்கே பதிவு செய்வது அவசியம், ஏனென்றால் அது பார்வைக்கு வேலை செய்தது. அரேயின் முதல் இருபது இடங்களையும் வரிசையாக எழுதி, எல்லா வடிவங்களுக்கும் எப்போதும் இருபது மதிப்புகளைக் கொடுத்தேன். இல்லாத இடங்கள் அன்டிஃபைன்டு (மதிப்பு வரையறுக்கப்படவில்லை) என்று போகும், யார் கவலைப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன். முக்கோணம் சரியாகவே வரையப்பட்டது. ஆனால் அதன் கீழே சுற்றளவு அச்சாக வேண்டிய இடத்தில், எண்ணல்லாத மதிப்பைக் குறிக்கும் 'நேன்' என்ற அடையாளம் வந்தது. பக்கங்களின் எண்ணிக்கை 10 என்று இருந்தது. பல்கோணம் தனக்கு எத்தனை மதிப்புகள் வந்தன என்பதை ஆர்க்யுமென்ட்ஸ் என்ற பட்டியலின் நீளத்தைக் கொண்டு அறிகிறது. அன்டிஃபைன்டு என்று நாமே எழுதிக் கொடுத்தாலும் அது ஒரு மதிப்பாகவே எண்ணப்படும். படம் சரியாக வந்ததற்குக் காரணம், உலாவியில் படம் வரையும் பரப்பான கேன்வாஸில் கோடிழுக்கும் கட்டளைக்கு எண்ணல்லாத மதிப்பைக் கொடுத்தால் அது பிழை காட்டாமல் அந்தக் கட்டளையைத் தவிர்த்துவிடும் என்பதுதான். பிழையைப் படம் மறைத்துவிட்டது. சுற்றளவை அச்சிடாதிருந்தால் நான் இதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

எத்தனை மதிப்புகள் வருகின்றன என்பதும் பொருளின் ஒரு பகுதி. ஜாவாஸ்கிரிப்டின் சொந்தக் கன்ஸ்ட்ரக்டர்களிலேயே இதைப் பார்க்கலாம். அரேவுக்கு 3 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் மூன்று வெற்றிடங்கள் கொண்ட அரே கிடைக்கும். 3, 4 என்று இரண்டு கொடுத்தால் அந்த இரு எண்களையே உறுப்புகளாகக் கொண்ட அரே கிடைக்கும். தேதிக்கான கன்ஸ்ட்ரக்டரான டேட்டை ஆர்க்யுமென்ட் இல்லாமல் உருவாக்கினால் இப்போதைய நேரம். அன்டிஃபைன்டு என்ற ஒன்றைக் கொடுத்து உருவாக்கினால் செல்லாத தேதி. இடத்தை நிரப்பி ஒப்பேற்றும் எந்த முறையும் இங்கே தோற்கும்.

இரண்டாவது முயற்சியில், நியூ செய்யும் வேலையை நானே கையால் செய்தேன். அந்த வேலை நான்கு படிகள் கொண்டது. முதலில் ஒரு புதிய ஆப்ஜெக்ட் உருவாகிறது. அதன் ப்ரோட்டோடைப்பாக (தன்னிடம் இல்லாத பண்புகளை அது தேடிச் செல்லும் மூல ஆப்ஜெக்டாக), கன்ஸ்ட்ரக்டரின் ப்ரோட்டோடைப் என்ற பண்பில் உள்ள ஆப்ஜெக்ட் இணைக்கப்படுகிறது. பிறகு அந்தப் புதிய ஆப்ஜெக்டைத் 'திஸ்' ஆக வைத்துக் கன்ஸ்ட்ரக்டர் இயக்கப்படுகிறது. கடைசியாக, கன்ஸ்ட்ரக்டர் ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பித் தந்தால் அதுவே விடை. வேறு எதைத் தந்தாலும், எதுவும் தராவிட்டாலும், முதற்படியில் உருவான ஆப்ஜெக்ட் விடை. 2009 டிசம்பரில் வந்த 5ஆம் பதிப்பின் ஆப்ஜெக்ட்.கிரியேட் முதல் இரண்டு படிகளையும் ஒரே அழைப்பில் செய்துவிடுகிறது. மூன்றாவது படிக்கு அப்ளை. என் துணை ஃபங்ஷன் மூன்றே வரிகளில் முடிந்தது (ஆக்கி என்பது அழைக்க வேண்டிய கன்ஸ்ட்ரக்டர், மதிப்புகள் என்பது அதற்கான அரே):

புதிது = ஆப்ஜெக்ட்.கிரியேட்(ஆக்கி.ப்ரோட்டோடைப்)
விளைவு = ஆக்கி.அப்ளை(புதிது, மதிப்புகள்)
திருப்பு ஆப்ஜெக்ட்(விளைவு) === விளைவு ? விளைவு : புதிது

மூன்றாவது வரியைப் பலரும் தவறாக எழுதுவதைக் கண்டிருக்கிறேன். விளைவின் வகை 'ஆப்ஜெக்ட்' என்று வருகிறதா எனச் சோதித்தால், நல் என்ற வெற்று மதிப்புக்கும் அந்த மொழி 'ஆப்ஜெக்ட்' என்றே பதில் சொல்லும். ஃபங்ஷனைத் திருப்பித் தரும் கன்ஸ்ட்ரக்டரோ அந்தச் சோதனையில் தவறிவிடும். ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷனுக்குள் மதிப்பைச் செலுத்தி, வெளியே வந்ததும் அதே மதிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் மொழியான காஃபிஸ்கிரிப்டின் மொழிமாற்றி, தான் உருவாக்கும் நிரலில் இதே உத்தியைத்தான் கையாண்டது.

வட்டம், கோடு, பல்கோணம் மூன்றும் இதில் குறையின்றி இயங்கின. நட்சத்திரத்தின் சுற்றளவு சரியாக வந்த அன்று மகிழ்ச்சியோடு தாளின் தலைப்புக்குப் போனேன். நாள் என்ற பெயருக்கு நேராக, மொழியின் சொந்த டேட் கன்ஸ்ட்ரக்டரையே பதிந்திருந்தேன். இயக்கியதும் பிழை. உருவான ஆப்ஜெக்ட் டேட்டின் வகையைச் சேர்ந்ததா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு கேட்டேன், ஆம் என்றது. அதே ஆப்ஜெக்டிடம் தேதி எண்ணைக் கேட்டேன். இது டேட் ஆப்ஜெக்டே அல்ல என்ற பிழைச் செய்தி வந்தது. ஒரே ஆப்ஜெக்டைப் பற்றி இரண்டு எதிரெதிர் பதில்கள். அரை நாள் இதிலேயே போனது.

விளக்கம் மொழியின் வரையறைக்குள் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்கு உள்ளே 'கால்', 'கன்ஸ்ட்ரக்ட்' என இரு தனிச் செயல்கள் இருக்கலாம். அடைப்புக்குறி போட்டு அழைத்தாலும் அப்ளை மூலம் அழைத்தாலும் நடப்பது முதலாவது. நியூ போட்டால் நடப்பது இரண்டாவது. நாம் எழுதும் பழைய பாணிக் கன்ஸ்ட்ரக்டரில் இரண்டும் ஒரே உடலை இயக்குவதால் வேறுபாடு வெளியே தெரிவதில்லை. டேட்டில் அவை முற்றிலும் வேறு. டேட்டை நியூ இல்லாமல் அழைத்தால், நாம் கொடுத்த மதிப்புகளை அது பார்க்கவே பார்க்காமல் இப்போதைய நேரத்தை ஒரு சரமாக (எழுத்துத் தொடராக) தந்துவிடும். என் துணை ஃபங்ஷனில் நடந்ததும் அதுதான்: அப்ளை ஒரு சரத்தைத் தந்தது, சரம் ஆப்ஜெக்ட் அல்ல என்பதால் மூன்றாவது வரி அதை ஒதுக்கியது, டேட்டின் ப்ரோட்டோடைப் ஒட்டிய வெறும் கூடு திரும்பியது. இன்ஸ்டன்ஸ்ஆஃப் ப்ரோட்டோடைப் சங்கிலியை மட்டும் பார்ப்பதால் ஆம் என்றது. உண்மையான டேட்டுக்குள் கன்ஸ்ட்ரக்ட் செயல் மட்டுமே வைக்கக்கூடிய, வெளியிலிருந்து எட்ட முடியாத ஒரு நேர மதிப்பு இருக்கும். கூட்டில் அது இல்லை.

இது டேட்டோடு நிற்கும் குறை அல்ல. மொழியின் சொந்தக் கன்ஸ்ட்ரக்டர்களான நம்பர், ஸ்ட்ரிங் இரண்டும் நியூ இல்லாமல் அழைக்கப்பட்டால் வெறும் மதிப்பையே தரும், எனவே அதே வெற்றுக் கூடுதான் மிஞ்சும். பின்னாளில் வந்த மேப், செட், ப்ராமிஸ் என்ற கன்ஸ்ட்ரக்டர்கள் மூன்றும் நியூ இல்லாமல் அழைத்தால் பிழையே எறியும். அரேயும் எரரும் தப்பித்துக்கொள்கின்றன, ஏனென்றால் அவை நியூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகின்றன. நியூவைக் கையால் போலச் செய்யும் எந்த நிரலும், மொழியின் உள்ளறையில் நடக்கும் கன்ஸ்ட்ரக்டைத் தொட முடியாது என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன். நியூவையே அழைத்தாக வேண்டும். மதிப்புகளை மட்டும் வேறு வழியில் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

அந்த வழி பைண்ட். இதுவும் 5ஆம் பதிப்பில் வந்ததே. பைண்ட் ஒரு ஃபங்ஷனையும் சில மதிப்புகளையும் வாங்கிக்கொண்டு, அந்த மதிப்புகள் முன்கூட்டியே கட்டப்பட்ட புதிய ஃபங்ஷனைத் தரும். அந்தக் கட்டப்பட்ட ஃபங்ஷனை நியூ போட்டு அழைத்தால், மூல ஃபங்ஷனின் கன்ஸ்ட்ரக்ட் செயலே, கட்டிய மதிப்புகளோடு இயங்கும். பைண்டும் ஒரு ஃபங்ஷன் என்பதால், அதற்கு மதிப்புகளை அரேயாகக் கொடுக்க அப்ளை உதவும்:

நியூ (ஃபங்ஷன்.ப்ரோட்டோடைப்.பைண்ட்.அப்ளை(ஆக்கி, [நல்].கான்கேட்(மதிப்புகள்)))

இந்த ஒற்றை வரியில் மூன்று இடங்களில் நான் சறுக்கினேன். முதலாவது, வெளி அடைப்புக்குறி. அதை விட்டுவிட்டால், நியூ உடனடியாக அப்ளை என்ற ஃபங்ஷனையே கன்ஸ்ட்ரக்டராகப் பிடித்துக்கொள்ளும். அது கன்ஸ்ட்ரக்டர் அல்ல என்று பிழை வரும். இரண்டாவது, தொடக்கத்தில் உள்ள நல். பைண்டின் முதல் இடம் 'திஸ்' ஆக இருக்க வேண்டியதற்கு ஒதுக்கப்பட்டது. நியூ போடும்போது அது பயன்படாது, ஆனாலும் அந்த இடம் நிரப்பப்பட்டாக வேண்டும். நான் அதை விட்டபோது 100, 100, 40 என்ற வட்டத்தின் முதல் 100 அந்த இடத்தில் விழுந்து மறைந்தது; மையம் 100, 40 ஆகி, ஆரம் இல்லாமல் போய், தாளில் வட்டமே வரவில்லை. மூன்றாவது சறுக்கல் கான்கேட்டில். மதிப்புகள் உண்மையான அரேயாக இருந்தால் கான்கேட் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். ஆர்க்யுமென்ட்ஸ் பட்டியலை நேராகக் கொடுத்தால், அது அரே அல்ல என்பதால், முழுப் பட்டியலையும் ஒரே மதிப்பாக ஒட்டிவிடும். முதலில் ஸ்லைஸ் மூலம் உண்மை அரேயாக மாற்றிக்கொண்ட பிறகே சரியானது.

பேபலும் டைப்ஸ்கிரிப்டும் பழைய உலாவிகளுக்காக நிரலை மாற்றித் தரும்போது இதே பைண்ட் வரியைத்தான் எழுதின என்பதைப் பின்னர் பார்த்தேன். ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. பைண்டே இல்லாத மிகப் பழைய உலாவிகளுக்காக இணையத்தில் புழங்கிய மாற்று பைண்ட் நிரல்கள், உள்ளுக்குள் அப்ளையைத்தான் பயன்படுத்துகின்றன. எனவே டேட்டின் வெற்றுக் கூடு அங்கே மறுபடியும் பிறக்கும். மொழியோடு பிறந்த பைண்டாக இருந்தால் மட்டுமே இந்த வரியை நம்பலாம்.

தேதி ஒருவழியாக அச்சானது. அக்கா பார்த்துவிட்டு, "ஜூன் 17ன்னு போட்டா ஜூலை 17ன்னு வருதே தம்பி" என்றார். டேட்டில் மாதங்கள் 0 முதல் 11 வரை எண்ணப்படுகின்றன. 6 என்றால் ஜூலை. அடுத்த வாரம் அவர் ஆண்டை மட்டும் தலைப்பில் போட விரும்பி 'நாள் 2019' என்று தட்டினார்; தாளில் 1970 வந்தது. டேட்டுக்கு ஒரே ஓர் எண்ணைக் கொடுத்தால் அது ஆண்டு அல்ல, 1970 சனவரி 1 முதல் கடந்த மில்லிவினாடிகளின் எண்ணிக்கை. இரண்டு வினாடிகளும் சற்றே கூடுதலுமாக அந்த நாளின் தொடக்கத்தில் போய் நின்றது என் தேதி. அதற்கு முன்பு வரியிலிருந்து பிரித்த துண்டுகளை எண்ணாக மாற்றாமல் சரமாகவே விட்டிருந்தபோது இதே 'நாள் 2019' சரியாக வேலை செய்தது, ஏனென்றால் '2019' என்ற சரத்தை டேட் ஆண்டாக வாசித்துக்கொள்கிறது. ஆனால் சரமாக விட்டால் வட்டத்தின் பெயரை எழுதும் இடம் கெட்டது: மையத்தோடு ஆரத்தைக் கூட்டும் வரியில் 100உம் 40உம் சேர்ந்து 140 ஆகாமல் 10040 ஆகிவிட்டன. எனவே எல்லாவற்றையும் எண்ணாக்கும் முடிவில் உறுதியாக நின்றேன். தேதிக்கெனத் தனியாக நாள் என்ற கன்ஸ்ட்ரக்டரை எழுதினேன்.

அந்த நாள் கன்ஸ்ட்ரக்டரில் நியூவின் நான்காவது படி எனக்குக் கைகொடுத்தது. அது தனக்கு வந்த மதிப்புகளை அரேயாக்கி, ஒன்று மட்டும் வந்திருந்தால் மாதமாக 1ஐச் சேர்த்து, மாதத்தில் ஒன்றைக் கழித்து, பைண்ட் வரியின் மூலம் உண்மையான டேட்டை உருவாக்கி, அதையே திருப்பித் தரும். ஆப்ஜெக்ட் திரும்புவதால் நியூ தான் உருவாக்கியதைக் கைவிட்டு அதை ஏற்கிறது. இப்படிக் கிடைத்தது நாளின் வகை அல்ல, டேட்டின் வகைதான். தலைப்பை அச்சிட அது போதும்.

இனிப் பெயர்களின் பக்கம். முதலில், பெயரை வைத்துக் கன்ஸ்ட்ரக்டரைத் தேட உலாவியின் பொது வெளியான விண்டோவையே பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்தது, சுருக்கமாக இருக்கும். அதைச் செய்யாததில் இன்றும் எனக்கு நிம்மதி. அந்த வெளியில் ஃபங்ஷன் என்ற கன்ஸ்ட்ரக்டரும் இருக்கிறது. கொடுக்கும் சரத்தை நிரலாகவே மாற்றிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. மாணவர் ஒருவர் தட்டும் வரி, அவ்வளவு தூரம் போகக்கூடாது. எனவே அனுமதித்த பெயர்களுக்கு மட்டும் ஒரு பதிவேடு வைத்தேன். அதைச் சாதாரண ஆப்ஜெக்டாக வைத்தபோது, 'டோஸ்ட்ரிங்', 'கன்ஸ்ட்ரக்டர்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். இரண்டுமே பதிவேட்டில் இருப்பதாகப் பதில் வந்தது. நான் பதியாதவை, ஆனால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் ப்ரோட்டோடைப் வழி வருபவை. ஆப்ஜெக்ட்.கிரியேட்டுக்கு நல் கொடுத்து, ப்ரோட்டோடைப்பே இல்லாத ஆப்ஜெக்டைப் பதிவேடாக்கியதும் அது தீர்ந்தது. புதிய உலாவிகளில் இதற்கு, பெயருக்கு நேராக மதிப்பை வைக்கும் மேப்பே ஏற்றது.

பள்ளி திறந்து சில நாட்களில் அக்காவிடமிருந்து செய்தி: "வீட்டுல வர்ற கோடு இங்க வரவே மாட்டேங்குதுடா, வட்டம் மட்டும் வருது." அவர் அனுப்பிய வரியைப் பார்த்தேன். கோடு என்றுதான் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. அதன் நீளத்தை அளந்தேன்: 5. நான் தட்டிய கோடுவின் நீளம் 4. ஒருங்குறியில் (யூனிகோடில்) ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட் சரங்களைக் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால், அதற்கு இவை இரு வேறு பெயர்கள். அக்கா பள்ளியில் பயன்படுத்தியது, பழைய எழுத்துருவில் இருந்த வினாத்தாளை ஒரு மாற்றி மூலம் ஒருங்குறிக்கு மாற்றியதிலிருந்து ஒட்டிய வரிகள். கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருந்த எழுத்துருவிலிருந்து வந்ததால் அவை பிரிந்தே நின்றன. வட்டம் என்ற சொல்லில் அத்தகைய குறி இல்லை என்பதால் அது தப்பியது. பல்கோணமும் வராது என்று அக்காவிடம் சொன்னேன், சோதித்துப் பார்த்து ஆமாம் என்றார்.

2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென்றே நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பள்ளிக் கணினியில் அது இல்லை. தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் தனி ஔ எழுத்தும் ஆக நான்கே என்பதால், பெயரைத் தேடுவதற்கு முன் நான்கையும் ஒன்றுசேர்க்கும் வரிகளைக் கையால் எழுதினேன். ஔகாரத்தின் இரண்டாம் பாதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தால் இந்த முறையோ நார்மலைஸோ உதவாது. என் வடிவப் பெயர்கள் எதிலும் ஔகாரம் இல்லாததால் அந்தத் தொல்லை எனக்கு நேரவில்லை. தமிழில் தட்டப்படும் எதையும் திறவுகோலாகப் பயன்படுத்தும் எவரும் இந்த ஒருமைப்படுத்தலைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

2021இல் பள்ளிக்குப் புதிய கணினிகள் வந்தன. நிரலைப் புதிய மொழியில் திருப்பி எழுதினேன். 2015 ஜூனில் வெளியான 6ஆம் பதிப்பு, நான் பைண்டோடு பட்ட பாட்டையெல்லாம் மூன்று புள்ளிகளில் அடக்கிவிட்டது:

நியூ ஆக்கி(...மதிப்புகள்)

டேட், மேப், கிளாஸ் (6ஆம் பதிப்பில் வந்த புதிய பாணிக் கன்ஸ்ட்ரக்டர்) எதுவானாலும் இது சரியாகவே இயங்குகிறது, ஏனென்றால் நடப்பது உண்மையான கன்ஸ்ட்ரக்ட். வடிவங்களைக் கிளாஸாக மாற்றிய அன்று, அச்சுப் பக்கம் மட்டும் நின்றுபோனது, அதில் ஆப்ஜெக்ட்.கிரியேட்டும் அப்ளையும் கொண்ட என் இரண்டாவது முயற்சியின் துணை ஃபங்ஷன் மறந்துபோய் எஞ்சியிருந்தது. கிளாஸை நியூ இல்லாமல் அழைக்க முடியாது என்று பிழை வந்தது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. டேட்டைப் போல வெற்றுக் கூட்டைத் தந்து அரை நாளை விழுங்காமல், தவறு நடந்த இடத்திலேயே நிரல் நின்றது.

நாளும் உண்மையான துணை வகையாயிற்று. டேட்டிலிருந்து கிளை பிரியும் கிளாஸ், தன் கன்ஸ்ட்ரக்டரில் எத்தனை எண்கள் வந்தாலும் ஓர் அரேயாக வாங்கி, மாதத்தைத் திருத்தி, சூப்பர்(...எண்கள்) என்று மேலே, அதாவது டேட்டின் கன்ஸ்ட்ரக்டருக்கு, அனுப்புகிறது. ஒழுங்குப் பல்கோணமும் அப்படியே: மையம், ஆரம், பக்க எண்ணிக்கை மூன்றையும் வாங்கி, மூலைகளைக் கணக்கிட்டு, சூப்பர்(...மூலைகள்) மூலம் பல்கோணத்திடம் ஒப்படைக்கிறது. பழைய நிரலில் இந்த இடத்தில் பல்கோணம்.அப்ளை(திஸ், மூலைகள்) என்று எழுதியிருந்தேன். அங்கே அது தவறல்ல, ஏனென்றால் ஆப்ஜெக்ட் ஏற்கெனவே உருவாகியிருந்தது, அதை நிரப்புவது மட்டுமே அப்ளையின் வேலை. டேட்டுக்கு அதே உத்தி ஒருபோதும் பலிக்காது. அப்ளையைக் குறைசொல்லும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

ரிஃப்ளெக்ட்.கன்ஸ்ட்ரக்ட் என்ற ஃபங்ஷனும் அதே 6ஆம் பதிப்பில் வந்தது. கன்ஸ்ட்ரக்டரையும் மதிப்புகளின் பட்டியலையும் கொடுத்தால் புதிய ஆப்ஜெக்டைத் தரும். மூன்று புள்ளிகளுக்கும் இதற்கும் சிறு வேறுபாடு உண்டு: மூன்று புள்ளிகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரக்கூடிய எதையும், செட்டையும்கூட, ஏற்கும், ரிஃப்ளெக்ட்.கன்ஸ்ட்ரக்ட்டுக்கு நீளமும் வரிசை எண்களும் இருந்தால் போதும், அரேயாக இல்லாவிட்டாலும் ஏற்கும், ஆனால் பட்டியலையே தராமல் விட்டால் பிழை எறியும். நான் இதைப் பயன்படுத்துவது வேறொரு வேலைக்கு. பதிவேட்டில் ஒரு நாள் ஒரு வடிவத்தை அம்புக்குறி ஃபங்ஷனாக (=> என்ற குறியோடு சுருக்கமாக எழுதும் ஃபங்ஷனாக) எழுதிச் சேர்த்துவிட்டேன். அம்புக்குறி ஃபங்ஷனுக்குக் கன்ஸ்ட்ரக்ட் செயல் இல்லை. மாணவர் அந்தப் பெயரைத் தட்டும் வரை பிழை தெரியவில்லை. இப்போது பதிவேட்டில் சேர்க்கும்போதே சோதிக்கிறேன்:

ரிஃப்ளெக்ட்.கன்ஸ்ட்ரக்ட்(ஆப்ஜெக்ட், [], சேர்க்கப்படுவது)

மூன்றாவது இடத்தில் வருவது கன்ஸ்ட்ரக்டராக இல்லாவிட்டால் இந்த வரி பிழை எறியும். கன்ஸ்ட்ரக்டராக இருந்தாலும் அதன் உடல் இயங்காது. அதன் ப்ரோட்டோடைப் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு கன்ஸ்ட்ரக்டரை இயக்காமலேயே அது கன்ஸ்ட்ரக்டரா என்று அறிவதற்கு இதைவிடத் தூய்மையான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பைத்தானில் இந்தக் கதையே எழாது. அங்கே வகையையே ஃபங்ஷனைப் போல அழைக்கிறோம், நியூ என்ற தனிச் சொல் இல்லை. ஒரு நட்சத்திரக் குறி போட்டால் பட்டியல் பிரிந்து உள்ளே போகும். பிஹெச்பியில் 2014இல் வந்த 5.6 பதிப்பு முதல் மூன்று புள்ளிகள் உண்டு. அழைப்பதையும் உருவாக்குவதையும் இரண்டாகப் பிரித்து வைத்ததால் ஜாவாஸ்கிரிப்டுக்குத்தான் இவ்வளவு சுற்று.

ஒரே ஓரிடத்தில் மூன்று புள்ளிகளை நானே நீக்கினேன். மாணவர்கள் சுட்டியால் இலையின் விளிம்பை வரையும் கைவரை என்ற வடிவத்தைப் பின்னர் சேர்த்தேன். சுட்டி நகர நகரப் புள்ளிகள் குவிந்துகொண்டே போகும். ஓர் அழைப்பில் எத்தனை ஆர்க்யுமென்ட் போகலாம் என்பதற்கு ஒவ்வோர் உலாவிக்கும் ஓர் உச்சம் இருக்கிறது. சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் எஞ்சினில் அது 65536. எனவே கைவரைக்கு மட்டும் முழு அரேயையும் ஒரே ஆர்க்யுமென்டாகக் கொடுக்கிறேன். மனிதர் தட்டும் எண்களுக்கு மூன்று புள்ளிகள், கருவி குவிக்கும் எண்களுக்கு ஒரே அரே என்று பிரித்துக்கொண்டேன்.

இப்போது அந்த நிபந்தனைச் சங்கிலி இருந்த இடத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன: வரியைப் பிரித்தல், பெயரை ஒருமைப்படுத்திப் பதிவேட்டில் தேடுதல், மீதியை எண்களாக்குதல், நியூ ஆக்கி(...எண்கள்). சென்ற மாதம் அக்கா நீள்வட்டம் கேட்டார். கிளாஸை எழுதிப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சேர்த்தேன். அந்த நான்கு வரிகளைத் தொடவில்லை.